ஏழாம் மதகுப் படம்

போட்டோக்காரம்மா வீட்டு முன்னறையில் கணவருடைய தையல் மெஷின் ஓடும். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு. அதுதான் அவளுடைய ஸ்டூடியோ. லைசென்ஸுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முகம் காட்ட வருகிறவர்கள், சட்டைக்கு அளவு கொடுக்கிறவர்களை இடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "முன்னால உடம்பை அளக்குறோம், பின்னால மூஞ்சியை அளக்குறோம். உள்ள வந்த ஆளு தப்பிக்கவே முடியாது" என்பார் தையற்காரர், உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே.

நாள் முழுக்கத் தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிடும். அதனாலோ என்னவோ, கேமராவோடு வெளியே கிளம்பிவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். நில் என்பதில்லை, திரும்பு என்பதில்லை. ஆள் எப்படி இருக்கிறாரோ அப்படியே எடுப்பாள். நன்றாக வராவிட்டால் பேசாமல் வீடு திரும்புவாள்.

டவுனில் புதிதாக ஆஸ்பத்திரி கட்டினார்கள். காத்திருக்கும் கூடத்தின் சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "ஜனங்க மணிக்கணக்கா இந்தச் சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்கம்மா. அவங்க ஊரையாவது பார்க்கட்டும். பன்னிரண்டு படம் எடுத்துக் கொடுங்க" என்றார்.

அதற்காக ஒரு வருஷம் அலைந்தாள். ஸ்டூடியோ திறப்பதற்கு முன்னால் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. செங்கல் சூளையில் வேலை முடிந்த பெண்கள் ஒருத்தி முதுகை ஒருத்தி தட்டிவிட, செம்மண் புகையாக எழும்புவதை எடுத்தாள். எடைமேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து, தான் ஏறி நின்று எடை பார்த்துக்கொள்ளும் குமாஸ்தாவை எடுத்தாள். பஸ்ஸை மறித்துக்கொண்டு நகர மறுக்கும் ஆடுகளை எடுத்தாள். முள் குத்தியது, நாய் துரத்தியது, ஸ்கூட்டர் பஞ்சராகிப் பாதி வழியில் நின்றது. வருஷக் கடைசியில் இடது முழங்கால் மடக்கினால் நிமிர மறுத்தது. "படம் பன்னிரண்டு, தைலம் இருபத்தினாலு" என்று தையற்காரர் புட்டிகளைக் காட்டினார். அவள் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக்கொண்டாள்.

படங்கள் கூடத்தில் ஏறின. வாசலில் டாக்டர் ஓர் அட்டை அடித்து மாட்டினார்: 'இவை எதுவும் சொல்லி வைத்து எடுத்தவை அல்ல.' அந்த ஒரு வரியைப் பார்த்தபோது மட்டும், பட்ட பாடு வீண் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டில் ஜனங்கள் நின்று பார்த்தது இரண்டு படங்களை. ஒன்று, வாய்க்கால் கரையில், தண்ணீரைத் திறந்து மூடும் மதகுக்காரர் தூங்கும் படம். தொப்பியால் முகத்தை மூடியிருப்பார். ஒரு கால் தண்ணீருக்கு மேலே தொங்கும். பக்கத்தில் அதே மாதிரி காலை நீட்டிக்கொண்டு ஒரு நாய். பின்னால் மதகின் இரும்புச் சக்கரம், அதற்கும் பின்னால் வெயிலில் நீண்டு கிடக்கும் வயல்வெளி. பார்த்தாலே கொட்டாவி வரும் என்பார்கள். இன்னொன்று அதே வாய்க்காலின் கடைமடை. தண்ணீர் எட்டாமல் பாளம் பாளமாக வெடித்த வயலில், இடுப்பில் கை வைத்து ஒரு பெண் நின்றிருப்பாள். வெடிப்பு ஒன்றில் அவள் செருப்பு பாதி இறங்கியிருக்கும். இரண்டையும் டாக்டர் எதிரெதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, போட்டோக்காரம்மா உட்பட.

பாசன அலுவலக இன்ஜினியர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், எப்போதும் இரண்டு போன், இரண்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். டோக்கனுக்குக் காத்திருந்தபோது தூங்கும் படத்தைப் பார்த்தார். முகம் தெரியவில்லை. ஆனால் சக்கரத்தின் தூணில் வெள்ளைப் பெயின்ட்டில் '7' என்று எழுதியிருந்தது. எழுந்து திரும்பியவர் எதிர்ச் சுவரில் வெடித்த வயலைப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை என்று அந்தப் பெண் கொடுத்த மனு மூன்று மாதமாக அவர் மேஜையில்தான் கிடந்தது. ரத்த அழுத்தம் அன்று வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததாம்.

மறுவாரம் மதகுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

சேதியைக் கொண்டுவந்தது தையற்காரரிடம் பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர். போட்டோக்காரம்மா திரைக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தையின் முகத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தூணை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். நம்பர் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

மதகுக்காரரைத் தேடிக்கொண்டு போனாள். அவர் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து, பழைய மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, வெயிலில் வெந்த முகம். அவளைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"உக்காருங்கம்மா. அந்த ஸ்குரூ மேல மட்டும் உக்காராதீங்க."

"அண்ணே, நான் உங்களைக் காட்டிக் கொடுக்கணும்னு எடுக்கல. படத்துல நம்பர் தெரியும்னு எனக்குத் தோணவே இல்ல."

"நீங்க என்ன செய்வீங்க? தூங்கினேன், எடுத்தீங்க. பொய்யா எடுத்தீங்க?"

"ஏன் தூங்கினீங்கன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

அவர் விசிறி இறக்கையைத் துடைத்தார். "மேல்மடை வயல்காரங்க ராத்திரியில வந்து சக்கரத்தைத் திருப்பி அடைச்சிட்டுப் போயிடுவாங்க. கீழ ஒரு சொட்டு போகாது. அதனால அந்த மாசம் முழுக்க ராத்திரி நான் மதகு மேலயே உக்காந்திருந்தேன். அது என் வேலையும் இல்ல, யாரும் சொல்லவும் இல்ல. பகல்ல கண்ணு சொருகிடுச்சு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ராத்திரி முழிச்சிருந்ததை யாரும் படம் எடுக்கலையே."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அதிகமாகக் குத்தியது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையே காதில் சுற்றியது. மறுநாள் விசாரணைக்கு அவளையும் கூப்பிட்டு ஆள் வந்தது. "நீ போய் என்ன சொல்லப் போற? அவர் தூங்கலன்னா? சுவத்துல மாட்டியிருக்கு, நாலு அடி அகலத்துல" என்றார் தையற்காரர்.

ஆனாலும் விசாரணைக்குப் போனாள். இன்ஜினியர் அறையில் மேஜை முழுக்கக் கோப்புகள். ஒரு நாற்காலியில்கூடக் கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன. மதகுக்காரர் வெளியே வராந்தாவில் இருந்தார்.

"இந்தப் படம் எந்த நேரத்துல எடுத்தது மேடம்? சாப்பாட்டு நேரமா, வேலை நேரமா?"

அவள் தயார் செய்துகொண்டு வரவில்லை. வாய் தானாகச் சொன்னது. "அவர் தூங்கல சார். நான்தான் படுக்கச் சொன்னேன்."

இன்ஜினியர் பேனாவை வைத்தார். "படுக்கச் சொன்னீங்களா?"

"படம் நல்லா இருக்கும்னு. தொப்பியை மூஞ்சி மேல வைக்கச் சொன்னதும் நான்தான்."

"நாயையுமா?"

"நாய் அதுவா வந்து படுத்துச்சு."

மதகுக்காரரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார்" என்றார்.

வெளியே வந்து படியிறங்கும்போது நன்றி சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தாள். அவரோ தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, "இத்தனை வருஷத்துல அந்த ஆபீஸ்ல நான் பொய் சொன்னதில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். வேலை திரும்பக் கிடைத்தது. அவர் முகம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அவளைக் கண்டால் வேறு பக்கம் போயிற்று.

சேதி ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. டாக்டர் கோபக்காரர் இல்லை; அதுவே கஷ்டமாக இருந்தது. வாசலில் இருந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லி வச்சு எடுத்ததுன்னா, மத்த பதினொண்ணை நான் எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் ஒருவர் வேலை போகும். பன்னிரண்டு படமும் ஒரு வேனில் வீடு வந்து சேர்ந்தன. முன்னறையில் வெட்டிய துணிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்கள். அதன் பிறகு ஸ்டூடியோவுக்குள் போக எல்லாரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்க வேண்டியிருந்தது. கூடத்துச் சுவரில் எங்கிருந்தோ வாங்கி வந்த பூப்படங்கள் ஏறின.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எடைமேடைக் குமாஸ்தா, "அக்கா, நான் நடிச்சேன்னு தெரிஞ்சிருந்தா தலையாவது சீவியிருப்பேன்" என்றார். சூளைப் பெண்கள், "ஆடுங்களுக்கு எத்தனை நாள் ரிகர்சல் கொடுத்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் கேமராவைத் தூக்கினால் போதும், எல்லாரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். தெருவே அவளுடைய ஸ்டூலில் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. சில நாள் பார்த்தாள். அப்புறம் வெளியே கொண்டுபோகும் அந்தக் கேமராவைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். சலிப்பு என்பது முழங்காலில் இல்லை, அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம், கடைமடைப் பெண் வந்தாள். காலில் அதே செருப்பு. தையற்காரரைத் தாண்டி, படங்களைத் தாண்டி, திரையை விலக்கிக்கொண்டு நேராக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எடுங்க" என்றாள்.

"எதுக்கும்மா? லைசென்ஸுக்கா?"

"நான் நடிக்கிறேனா இல்லையான்னு பார்க்கத்தான். தண்ணி மனு என்னாச்சுன்னு ஆபீஸுக்குக் கேட்கப் போனேன். கிளார்க்கு சொல்றாரு, அந்தம்மா எடுக்கிறதெல்லாம் நாடகம், உன்னை வெடிச்ச வயலாப் பார்த்து நிறுத்தி எடுத்திருப்பாங்கன்னு. ஏங்க்கா, என் நிலத்தை வெடிக்கச் சொன்னதும் நீங்கதானா?"

போட்டோக்காரம்மா விளக்கைப் போடவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மதகுக்காரர் தூங்கினாரா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "தூங்காம இருந்தா எனக்கு ஏன் தண்ணி வரல?"

"தூங்கினாலும் தூங்காட்டியும் உனக்குத் தண்ணி வந்திருக்காதும்மா. எனக்கு அப்படித்தான் தோணுது."

"தோணுதுன்னா?"

ஒரு வருஷம் அந்தக் கரையில் அலைந்திருக்கிறாள். வெளிச்சத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள். ஏழாம் மதகுக்கும் கடைமடைக்கும் நடுவில் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நாணல் அழகாக ஆடுகிறது என்று எடுத்தாளே தவிர, வாய்க்காலுக்கு நடுவில் நாணல் எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

இரண்டு பெண்களுமாகப் போய் இன்ஜினியர் அறை வாசலில் நின்றார்கள். "தலைக்கு மேல வேலை இருக்கு மேடம்" என்றார் அவர்.

"என் படத்தை நம்ப வேண்டாம் சார். ஒரு தடவை நடந்து பாருங்க. அவ்வளவுதான் கேட்கிறோம்."

அன்றைக்கு முடியாது என்றார். மறுநாளும் முடியவில்லை. கடைமடைப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். தினமும் போய் அந்தக் கோப்புகள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கடைசியில் ஒரு காலை அவர் போன்கள் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஏழாம் மதகில் தொடங்கினார்கள். மதகுக்காரர் சக்கரத்தைத் திருப்பினார். பாதி வரை ஏறிய பலகை, கடக் என்று வழுக்கிக் கீழே இறங்கியது.

"திருகோட மரை தேஞ்சு போச்சு சார். நாலு தடவை சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"உங்களுக்கு முன்னால இருந்தவர்கிட்ட ரெண்டு தடவை. உங்ககிட்ட ரெண்டு தடவை."

இன்ஜினியர் தானே சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். அவருக்கும் வழுக்கியது. சட்டை முன்பக்கம் முழுக்க கிரீஸ். போட்டோக்காரம்மா கேமராவை எடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுக்கப் போனவர், அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டார்.

அங்கிருந்து கரையோடு நடந்தார்கள். வெயில் ஏற ஏற அவள் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல் சொன்னது. ஓர் இடத்தில் மண் மேடிட்டு, வாய்க்கால் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. இன்னோர் இடத்தில் கரையை ஓட்டை போட்டு யாரோ குழாய் இறக்கியிருந்தார்கள். நாணலுக்குள் ஒரு பழைய டயரும் உடைந்த கதவும் கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுக்காக மதகுக்காரரை அவருடைய குடையை நட்டுப் பிடிக்கச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் அண்ணே. நேரா பிடிங்க." வெளியில் ஒருவரை இப்படி நில் என்று சொல்லி அவள் படம் எடுப்பது அதுதான் முதல் தடவை. ஒரு படத்திலும் அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. சேறு, மண், துரு, குடை.

கடைமடையில் தரை அப்படியே வெடித்துக் கிடந்தது. இன்ஜினியரின் ஷூ ஒரு வெடிப்பில் இறங்கி மாட்டிக்கொண்டது. கடைமடைப் பெண் குனிந்து இழுத்துக் கொடுத்தாள். "மெதுவா சார். நாங்க பழகிட்டோம்" என்றாள்.

திரும்பும்போது மற்ற இருவரும் முன்னால் போக, இன்ஜினியர் போட்டோக்காரம்மாவின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக வந்தார். அவரும் களைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அந்தப் படத்துல, நீங்க அவரைப் படுக்கச் சொல்லல, இல்லையா?"

அவள் நின்றாள். சொல்லிவிடலாம் போல் இருந்தது. மார்பில் அத்தனை நாள் கிடந்த கல்லை இறக்கி வைத்துவிடலாம்.

"சொல்லாதீங்க" என்றார் அவர், அவள் வாய் திறப்பதற்குள். "சொன்னா நான் எழுதியாகணும். எழுதினா மறுபடி அந்த ஆளு வராந்தாவுல வந்து உக்காரணும். எனக்கு முடியல மேடம்."



குடைப் படங்கள் அறிக்கையோடு மேலே போயின. அவற்றை யாரும் சுவரில் மாட்டவில்லை. ஆனால் ஏழாம் மதகுக்குப் புதுச் சக்கரம் வந்தது. குழாயைப் பிடுங்கினார்கள். பாதித் தூரம் தூர் வாரினார்கள். மீதிப் பாதிக்கு அடுத்த வருஷம் என்றார்கள். அந்தப் போகத்தில் தண்ணீர் முன்னைவிட வெகுதூரம் வந்து, கடைமடைப் பெண்ணின் நிலத்துக்கு இரண்டு வயல் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவள் ஆபீஸுக்குப் போய் மறுபடியும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். இன்ஜினியர் கோப்புகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உட்காருங்க என்றாராம்.

மதகுக்காரர் போட்டோக்காரம்மாவோடு பேசுகிறார், ஆனால் எழுந்து நின்றுதான். கரையில் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், தொப்பியைச் சரி செய்துகொண்டு விறைப்பாக நிற்பார்.

"உக்காருங்க அண்ணே. நான் எடுக்கல."

"இல்லம்மா, நீங்க போங்க. அப்புறம் உக்கார்றேன்."

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு வழியில்லை. கூடத்தில் பூப்படங்கள்தான் இருக்கின்றன. முழங்காலுக்கு மருந்து வாங்கப் போகும்போது அவற்றுக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பாள். நல்ல பூக்கள்தான். வெளிச்சம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அதற்கு அடுத்த வருஷம், மழைக்கு முன்னால் மீதித் தூரும் வாரி முடித்த பிறகு, ஒரு மத்தியானம் போன் அடித்தது. தையற்காரர்தான் எடுத்தார். "உனக்குத்தான். கடைமடை" என்று நீட்டினார். போட்டோக்காரம்மா அன்று காலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் அடையாள அட்டைப் படம் எடுத்து முடித்துவிட்டு, ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நூற்றுக்கணக்கான தாடைகளைத் தூக்கச் சொன்ன களைப்பு.

"அக்கா, வந்துடுச்சு. வரப்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. கேமராவை எடுத்துக்கிட்டு வாங்க."

அவள் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு முடியலம்மா. நாளைக்கு வரட்டுமா?"

மறுமுனையில் அந்தப் பெண் யாரையோ அதட்டினாள்; மண்வெட்டி கல்லில் பட்ட சத்தம் கேட்டது.

"வாங்க வாங்க. நாளைக்கும் இருக்கும். எனக்கும் இப்ப மடை திருப்பணும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.